ஃபாண்டைக் காப்பாற்றுங்கள், பேஜ்மேக்கரை அப்புறம் பார்க்கலாம்

கேள்வி:

அண்ணே, வணக்கம். காரைக்குடியில் எங்களுக்கு ஒரு சின்ன அச்சகம். கல்யாணம், சாந்தி, புதுமனை, படைப்பு அழைப்பு, கும்பாபிஷேக மலர் எல்லாம் அடிக்கிறோம். 2003ல் அப்பா வாங்கிய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரில்தான் இன்றுவரை டிடிபி, அதாவது பக்கம் அமைக்கும் வேலை. சாஃப்ட்வேர் பேஜ்மேக்கர் 7. இப்போது காலையில் ஆன் செய்தால் எஃப்1 அமுக்கச் சொல்கிறது, தேதி 2002 என்று காட்டுகிறது, வேலைக்கு நடுவில் அப்படியே நின்றுவிடுகிறது. போன மாதம் விண்டோஸ் 11 லேப்டாப் ஒன்று வாங்கினேன். தெரிந்தவர் பென்டிரைவில் கொடுத்த பேஜ்மேக்கரை அதில் போட்டேன். ஃபைல் திறக்கிறது, ஆனால் தமிழ் எல்லாம் ஆங்கில எழுத்தாகக் கொட்டிக் கிடக்கிறது. பழைய ஃபைல் 4000க்கு மேல் இருக்கும். "மூத்தவளுக்கு அடித்த மாதிரியே இளையவளுக்கும்" என்று கேட்டு வருகிறவர்கள்தான் எங்கள் வாடிக்கையில் பாதி. பில் போட ஒரு டாஸ் புரோகிராமும் உண்டு. அது லேப்டாப்பில் திறக்கவே மாட்டேன் என்கிறது. அப்பாவுக்கு 68 வயது. புதிதாக எதையும் பழகும் எண்ணம் அவருக்கு இல்லை. என்ன செய்யலாம்?

பதில்:

தம்பி, மற்றதெல்லாம் சொல்வதற்கு முன் ஒன்று. அந்த லேப்டாப்பில் எந்தப் பழைய ஃபைலையும் திறந்து சேவ் செய்துவிடாதீர்கள். பேஜ்மேக்கர் ஒரு ஃபைலைத் திறக்கும்போது அதற்கான ஃபாண்ட் கிடைக்காவிட்டால், "இதற்குப் பதில் இதைப் போட்டுக்கொள்ளட்டுமா" என்று ஒரு பெட்டி காட்டும். அதில் தற்காலிகமாக மாற்றுவதா, நிரந்தரமாக மாற்றுவதா என்ற தேர்வும் இருக்கும். அவசரத்தில் நிரந்தரம் என்று தட்டி, சேவும் செய்துவிட்டால், எந்த வரி எந்தத் தமிழ் ஃபாண்டில் இருந்தது என்ற தகவலே ஃபைலிலிருந்து போய்விடும். அப்புறம் சரியான ஃபாண்டைக் கொண்டுவந்து போட்டாலும் ஃபைல் அதைத் தேடாது. இதுவரை திறந்து பார்த்தவற்றை சேவ் செய்யாமல் மூடியிருந்தால் தப்பித்தீர்கள்.

இனி, தமிழ் ஏன் ஆங்கிலமாகத் தெரிகிறது என்பது. உங்கள் ஃபைலில் தமிழ் என்று எதுவும் கிடையாது. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு, அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் பொது முறை, தெரியாது. அந்தக் காலத்தில் நாம் செய்தது ஒரு வேஷம்: ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வரைந்து வைத்த ஃபாண்டை மேலே போர்த்திவிட்டோம். பாமினி என்ற பழைய தமிழ் ஃபாண்டில் "அம்மா" என்று அடித்தால் ஃபைலுக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, எச். அவ்வளவுதான். எம் இடத்தில் அ, கே இடத்தில் ம, அரைப்புள்ளி இடத்தில் மெய்ப்புள்ளி, எச் இடத்தில் கால். போர்வை இருக்கும்வரை அம்மா. போர்வையை எடுத்தால் எம்கே அரைப்புள்ளி கேஎச். நீங்கள் லேப்டாப்பில் பார்ப்பது போர்வை இல்லாத உடம்பு. ஃபைல் கெடவில்லை, பேஜ்மேக்கரும் கெடவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், உங்கள் அச்சகத்தில் இப்போது விலைமதிப்பான பொருள் பேஜ்மேக்கர் இல்லை. அந்தப் பழைய பெட்டியின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் என்ற ஃபோல்டர்தான். பேஜ்மேக்கர் 7 பரவலாக விற்ற பொருள், எங்காவது சிடி கிடைக்கும். உங்கள் அப்பா இருபது வருடமாக யார் யாரிடமோ வாங்கிச் சேர்த்த ஃபாண்ட் அப்படி இல்லை.

இதை நான் புத்தகம் படித்துச் சொல்லவில்லை, கையைச் சுட்டுக்கொண்டு சொல்கிறேன். 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. அந்தக் கோடையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் எங்களுக்கு ஓயாத வேலை. புதுக்கோட்டைப் பக்கம் ஓர் அச்சகத்தில் பெட்டியை ஃபார்மட் செய்து விண்டோஸ் 7 போடப் போனேன். மை டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், டி டிரைவ் எல்லாம் பத்திரமாக காப்பி எடுத்தேன். ஃபாண்டைப் பற்றி யோசிக்கவில்லை, "பாமினிதானே, என்னிடமே இருக்கிறது" என்ற நினைப்பு. ஃபார்மட் முடிந்து முதல் பத்திரிகையைத் திறந்தால் எழுத்தெல்லாம் சரி, நாள் குறி ௳ வர வேண்டிய இடத்தில் ஒரு கட்டம். வீட்டு விலாசத்துக்கு மேலே வேல் வர வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி. பிறகுதான் விசாரித்தேன். அங்கே முன்பு இருந்த டிடிபி பையன் ஒருவன் பாமினியை எடுத்து, பயன்படாத நாலைந்து இடங்களில் ௳, ௴, ௵ (நாள், மாதம், வருடக் குறிகள்), வேல், மயில் என்று தானே வரைந்து சேர்த்து, ஃபைலுக்குப் பெயரை மட்டும் மாற்றாமல் விட்டிருக்கிறான். உலகத்தில் அந்த ஃபாண்டுக்கு இருந்த ஒரே பிரதியை நான் அழித்துவிட்டேன். அச்சடித்த பழைய பத்திரிகையை ஸ்கேன் செய்து, அந்த ஐந்து குறிகளையும் திரும்ப வரைந்து கொடுத்தேன். மூன்று நாள் ஆயிற்று. முதலாளி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் இத்தனை வருடம் ஞாபகம் இருந்திருக்காது.

ஆகவே இன்று ராத்திரியே, கடை சாத்துவதற்கு முன், இதைச் செய்யுங்கள். சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் ஃபாண்ட்ஸ். முழு ஃபோல்டரையும் பென்டிரைவில் காப்பி எடுங்கள், பொறுக்கி எடுக்க வேண்டாம். அடுத்து, சி டிரைவிலேயே பிஎஸ்ஃபாண்ட்ஸ் என்று தனியாக ஒரு ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள். அடோபி டைப் மேனேஜர் வைத்து வேலை செய்த இடங்களில் இருக்கும். அதில் உள்ளவை டைப் 1 என்ற பழைய வகை ஃபாண்டுகள். அடோபி தன் சாஃப்ட்வேர்களில் அவற்றுக்கான ஆதரவை 2023 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. அடோபியின் இன்றைய பக்க அமைப்பு சாஃப்ட்வேரான இன்டிசைனில் அவை வேலைக்கு ஆகா. ஆனாலும் எடுத்து வையுங்கள், பழைய ஃபைலுக்கு அவைதான் வேண்டும். இரண்டு பென்டிரைவில் எடுங்கள். ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

எஃப்1 தொல்லைக்குக் காரணம் மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி. சிஆர்2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கொடுப்பார்கள். அது தீர்ந்ததால்தான் பெட்டி தினமும் 2002ல் கண் விழிக்கிறது. நடுவில் நிற்பது வேறு நோய். பெட்டியைத் திறந்து மதர்போர்டில் சின்னச் சின்ன உருளைகள் நிற்கும் இடத்தைப் பாருங்கள். அவற்றில் எதன் தலையாவது பணியாரம் மாதிரி உப்பியிருந்தால் அந்தப் பெட்டிக்கு நாள் எண்ணப்படுகிறது என்று அர்த்தம். உப்பவில்லை என்றால் தூசியாகவோ, பவர் சப்ளையாகவோ இருக்கலாம்.

எப்படியானாலும் ஹார்டு டிஸ்கைக் கழற்றி முழுசாக ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். 2003 பெட்டி என்றால் அகலப் பட்டை ஒயர் போட்ட ஐடிஇ டிஸ்காக இருக்கும். அதை யூஎஸ்பியில் மாட்ட ஓர் அடாப்டர் உண்டு, சில நூறு ரூபாய்தான். ஃபைல்களை மட்டும் காப்பி எடுப்பதைவிட டிஸ்கையே அச்சு அசலாக இமேஜ் எடுப்பது நல்லது. நாளைக்கு எதை மறந்தோம் என்று தெரியும்போது அதில் தேடலாம். பேஜ்மேக்கர் பெரிய படங்களைப் பெரும்பாலும் தனக்குள் வைத்துக்கொள்ளாது, எங்கே இருக்கிறது என்ற வழியை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளும். பிள்ளையார் படம் ஒரு ஃபோல்டரில், மணமக்கள் படம் இன்னொன்றில் என்று சிதறிக் கிடப்பவை எல்லாம் இமேஜில் வந்துவிடும்.

சரி, இப்போது பேஜ்மேக்கர்.

விண்டோஸ் 11ல் 32 பிட் பதிப்பே கிடையாது, எல்லாம் 64 பிட். 64 பிட் விண்டோஸ் 32 பிட் புரோகிராமை ஓட்டும், 16 பிட் புரோகிராமை ஓட்டாது. பேஜ்மேக்கர் 7 என்பது 2001ல் வந்த 32 பிட் புரோகிராம். ஆகவே கொள்கையளவில் அது ஓட வேண்டியதுதான், ஓடவும் ஓடுகிறது. நீங்களே பார்த்தீர்களே. அந்தக் காலத்து சாஃப்ட்வேர் பலவற்றில் இன்னொரு வேடிக்கை உண்டு: உள்ளே இருக்கும் புரோகிராம் 32 பிட், அதை நிறுவும் இன்ஸ்டாலர் மட்டும் 16 பிட். வீடு நன்றாக இருக்கும், வாசல்தான் திறக்காது. "இது இந்தக் கம்ப்யூட்டரில் ஓடாது" என்று முதல் நொடியிலேயே சொன்னால் பெரும்பாலும் சங்கதி அதுதான்.

லேப்டாப்பில் நேராகவே ஓட்டிப் பார்ப்பதென்றால், முதலில் அந்தப் பென்டிரைவ் பேஜ்மேக்கரை நீக்குங்கள். "போர்ட்டபிள்" என்று கைமாறிக் கொண்டிருக்கும் இந்தப் பிரதிகளை நான் தொடுவதில்லை. உரிமம் ஒரு பக்கம். அதைவிட, யாரோ எதையோ கழற்றிச் செய்த பொட்டலம் அது, உள்ளே இன்னும் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அப்பாவின் அசல் சிடி எங்கோ பரணில் இருக்கும், தேடுங்கள். லேப்டாப்பில் சிடி டிரைவ் இல்லை என்பதால் யூஎஸ்பி டிரைவ் ஒன்றை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். நிறுவும்போது புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் போடாமல் சி டிரைவிலேயே தனி ஃபோல்டர் போட்டு அதில் போடுங்கள். பழைய புரோகிராம்கள் தங்கள் செட்டிங்கைத் தங்கள் ஃபோல்டரிலேயே எழுதிக்கொள்ளப் பார்க்கும். புதிய விண்டோஸ் புரோகிராம் ஃபைல்ஸில் எழுத விடாது, சத்தமில்லாமல் வேறு மறைவான ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். "சேவ் செய்தேன், காணோம்" என்ற புகாரில் பாதி இதுதான். பிறகு ஐகானில் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, அதில் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3.

ஃபாண்ட் போடுவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இப்போதைய விண்டோஸில் ஃபாண்ட் மேல் வலது கிளிக் செய்து வெறும் இன்ஸ்டால் கொடுத்தால் அது உங்கள் ஒருவர் கணக்குக்கு மட்டும், வேறொரு ஃபோல்டரில் போய் உட்காரும். பழைய புரோகிராம்கள் பலவற்றுக்கு அந்த இடம் தெரியாது. "இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்" என்பதைக் கொடுங்கள். பல பேருக்கு இந்த ஒரு கிளிக்கிலேயே தமிழ் திரும்பி வந்திருக்கிறது.

இப்படி ஓட்டுவது தற்சமயத்துக்குச் சரி. தொழிலுக்கு இதை நம்பச் சொல்ல மாட்டேன். திரையில் எல்லாம் ஒழுங்காக இருக்கும், பிளேட்டுக்கு அனுப்பப் பிரிண்ட் கொடுக்கும்போதுதான் தகராறு செய்யும். நாளைக்கு விண்டோஸ் ஓர் அப்டேட் போட்டால் நேற்றுவரை ஓடியது நின்றுபோகும், அன்றைக்குத்தான் ஒரு கும்பாபிஷேக மலர் முடிக்க வேண்டியிருக்கும்.

என் சிபாரிசு வெர்ச்சுவல் மெஷின். லேப்டாப்புக்குள்ளேயே ஒரு ஜன்னலில் முழு எக்ஸ்பி பெட்டி ஓடும், அதற்குள் பேஜ்மேக்கர் தன் சொந்தக் காலத்திலேயே இருக்கும், வெளியே விண்டோஸ் 11 என்ன அப்டேட் போட்டாலும் அதற்குப் பொருட்டில்லை. இதைச் செய்யும் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற சாஃப்ட்வேர் இலவசம். விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் புரோவையும் 2024 நவம்பரிலிருந்து தொழிலுக்கும் சேர்த்தே இலவசமாக்கிவிட்டார்கள். எக்ஸ்பிக்கு 1 ஜிபி நினைவகமும் 20 ஜிபி டிஸ்கும் ஒதுக்கினால் தாராளம். எக்ஸ்பி சிடி உங்களுடையதாக இருக்க வேண்டும். பெட்டியோடு சேர்ந்து வந்த உரிமம் அந்தப் பெட்டியோடு கட்டுண்டது, தனியாகக் கடையில் வாங்கியது என்றால் சிக்கல் இல்லை. உங்களிடம் விண்டோஸ் 7 சிடி இருந்தால் அதையும் உள்ளே போடலாம்.

நிறுவும்போது கவனிக்க வேண்டியவை சில. லேப்டாப்பின் பயாஸில் (ஆன் ஆகும்போது வரும் அடிப்படை செட்டிங்) வெர்ச்சுவலைசேஷன் ஆன் ஆகியிருக்க வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலின் கீழ் வலது ஓரத்தில் சின்னதாக ஓர் ஆமைப் படம் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் விண்டோஸின் சொந்த வெர்ச்சுவல் மெஷின் ஏற்பாடு (ஹைப்பர்வைசர்) குறுக்கே நிற்கிறது, எக்ஸ்பி உண்மையிலேயே ஆமையாகத்தான் நகரும். வேகம் போதும் என்றால் விட்டுவிடுங்கள், டிடிபி வேலைக்குச் சமாளிக்கலாம். அடுத்து, எக்ஸ்பிக்கு நெட் கொடுக்காதீர்கள், நெட்வொர்க் கார்டையே அணைத்துவிடுங்கள். 2017 மே மாதம் வானாக்ரை வைரஸ் உலகத்தையே ஆட்டிவைத்தபோது, ஆதரவு முடிந்து மூன்று வருடமான எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் இறங்கிவந்து ஒட்டுப்போட வேண்டியிருந்தது. மணமக்கள் படம் கொண்டுவரும் பென்டிரைவை நேராக எக்ஸ்பிக்குள் விடாமல், வெளியே லேப்டாப்பில் சோதித்து, ஷேர்டு ஃபோல்டர் வழியாக உள்ளே அனுப்புங்கள். எல்லாம் போட்டு, ஃபாண்டும் ஏற்றி, ஒரு பத்திரிகையைத் திறந்து தமிழ் சரியாக வருகிறது என்று பார்த்தவுடன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். எது கெட்டாலும் அந்த நிமிடத்துக்குத் திரும்பி வந்துவிடலாம்.

லேப்டாப்பில் எந்த வகை பிராசஸர் என்று நீங்கள் எழுதவில்லை. இன்டெல், ஏஎம்டி என்றால் மேலே சொன்னது பொருந்தும். ஸ்னாப்டிராகன் போட்ட புது ரகம் என்றால் இந்த முறையில் எக்ஸ்பி ஓடாது. அதில் 32 பிட் புரோகிராம்களை விண்டோஸே மொழிபெயர்த்து ஓட்டும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். அப்படியானால் தாமதிக்காமல் கடையில் மாற்றப் பாருங்கள். அச்சகங்களில் விரும்பி வாங்கும் மேக்கும் இதற்கு ஆகாது, 2019 கேட்டலினாவிலிருந்து அதில் 32 பிட் புரோகிராமே கிடையாது.

டாங்கிள் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ் ஃபாண்ட் தொகுப்புகள் சிலவற்றோடு கம்ப்யூட்டரின் பின்பக்கம் செருகும் உரிமக் கட்டை ஒன்று வரும், பிரிண்டர் ஒயர் மாட்டும் நீளமான போர்ட்டில். உங்கள் பெட்டியில் அது இருந்தால், யூஎஸ்பியிலிருந்து அந்தப் போர்ட்டுக்கு மாற்றும் ஒயரை வாங்கி ஏமாறாதீர்கள். அது பிரிண்டருக்கு மட்டும்தான், டாங்கிளை அது பேசவைக்காது. யூஎஸ்பி டாங்கிள் என்றால் கவலையில்லை, வெர்ச்சுவல் மெஷினுக்குள் நேராகக் கொடுத்துவிடலாம்.

எக்ஸ்பி ஜன்னல் ஓட ஆரம்பித்ததும், பத்திரிகைகளை ஒவ்வொன்றாகப் பிடிஎஃப் ஆக்குங்கள். உள்ளே ஒரு போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டரைச் சேர்த்து, போர்ட் என்ற இடத்தில் ஃபைல் என்று கொடுத்தால், அச்சாக வேண்டியது ஒரு ஃபைலாக வெளியே வரும். அதை லேப்டாப்பில் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற புரோகிராம் வைத்துப் பிடிஎஃப் ஆக்கலாம். ஃபாண்ட் உள்ளேயே பதிந்துவிடுவதால் போனில்கூடத் தமிழ் சரியாகத் தெரியும், ப்ரூஃபை வாட்ஸ்அப்பில் சிங்கப்பூருக்கும் அனுப்பலாம். 4000 ஃபைலையும் உட்கார்ந்து மாற்றாதீர்கள். கடந்த ஐந்து வருடத்துப் பத்திரிகைகள், அப்புறம் திரும்பத் திரும்ப வரும் வீடுகள், இவை போதும். மற்றவற்றைக் கேட்டு வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இனிமேல் வரும் புது வேலைகளை யூனிகோடில் தொடங்குங்கள். லே-அவுட்டுக்கு இன்டிசைனுக்குச் சந்தா கட்ட மனமில்லை என்றால் ஸ்கிரைபஸ் 1.6 இருக்கிறது, இலவசம், தமிழை ஒழுங்காகக் கோக்கிறது. பேஜ்மேக்கர் 6, 7 ஃபைல்களைத் திறக்கவும் முயற்சி செய்யும். லிப்ரே ஆஃபீஸ் டிராவும் திறக்கும். திறக்கும் என்றால் மேட்டர் வரும், படம் ஓரளவு இடத்தில் இருக்கும், அவ்வளவுதான்; மூத்தவளின் பத்திரிகை அப்படியே வரும் என்று வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். இன்டிசைனில் வேலை செய்தால் பாராகிராஃப் பேனலில் வேர்ல்ட்-ரெடி காம்போசரைத் தேர்ந்தெடுக்க மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று எழுத்து பிரிந்து நிற்கும். பழைய பேஜ்மேக்கர் ஃபைலை நேராகத் திறக்க இன்டிசைன் சிஎஸ்6 வரைதான் முடியும், அதற்குப் பின் வந்தவற்றில் அந்த வழியை எடுத்துவிட்டார்கள்.

பழைய மேட்டரை யூனிகோடாக மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டர் போன்றவை உண்டு. முதலில் எந்தக் குறியேற்றம், அதாவது எந்த எழுத்தின் இடத்தில் எந்தத் தமிழ் எழுத்து, என்று தெரிய வேண்டும். மேட்டரை நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். சாதாரண ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருந்தால் பாமினி ஜாதி. தலையில் கொம்பும் வாலும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக வந்தால் டாப், டிஸ்கி போன்ற வேறு ஜாதி.

மாற்றும்போது ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. கன்வெர்ட்டருக்கு எது தமிழ் வேஷம் போட்ட ஆங்கிலம், எது நிஜ ஆங்கிலம் என்று தெரியாது. பத்திரிகையின் கீழே ஆங்கிலத்தில் இருக்கும் மண்டப முகவரியையும் அது தமிழாக்கும். ஆங்கில "தி" என்ற சொல் "வாந" ஆகும், "அண்ட்" என்பது "யனெ" ஆகும். பழைய மலர்களை வலையேற்றிய பக்கங்களில் இந்த வாந, யனெ இரண்டையும் நீங்களே பார்த்திருக்கலாம். பாமினியில் காற்புள்ளி விசையில்தான் இ இருக்கிறது, ஆகவே ஆங்கில முகவரியின் ஒவ்வொரு காற்புள்ளியும் ஓர் "இ" ஆகிவிடும். "காரைக்குடி" என்று ஆங்கிலத்தில் இருந்ததை ஒருமுறை மாற்றிப் பார்த்தேன், "முயசயமைரனை" என்று வந்தது. பர்மாவில் ஏதோ ஊர் என்று நினைத்தேன். ஆகவே மேட்டரை மொத்தமாக எடுக்காமல் தமிழ்ப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து மாற்றுங்கள். விலாசத்தைக் கண்ணால் ஒருமுறை சரிபாருங்கள். நம் பக்கத்துப் பத்திரிகையில் பெயருக்கு முன் நாலு தலைமுறை எழுத்து புள்ளி வைத்து வரும், அதில் ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு வீடு.

௳, ௴, ௵ மூன்றும் யூனிகோடில் 2003லிருந்தே இருக்கின்றன. அவை இல்லாத ஃபாண்டுகளும் உண்டு, வாங்குவதற்கு முன் இந்த மூன்றையும் அடித்துப் பாருங்கள். ஸ்ரீயையும் பாருங்கள். யூனிகோடில் அதை இரண்டு விதமாக அடிக்க முடியும், பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், தேடினால் ஒன்று அகப்படும், மற்றது அகப்படாது. அச்சகத்துக்குள் எல்லாரும் ஒரே விதமாக அடிப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

பில் புரோகிராம் சுலபம். டாஸில் எழுதியது 16 பிட்டாகத்தான் இருக்கும், 64 பிட் விண்டோஸ் அதைத் தொடாது என்று மேலேயே சொன்னேன். எக்ஸ்பி ஜன்னலிலேயே அதையும் போட்டுவிட்டால் ஓடும், தனியாக வேண்டுமென்றால் பழைய டாஸைப் போலவே நடிக்கும் டாஸ்பாக்ஸ். ஆனால் என்னைக் கேட்டால் அதைத் தூக்கிச் சுமக்க வேண்டாம். ஃபோல்டரில் டிபிஎஃப் என்று முடியும் ஃபைல்கள் இருந்தால் அது ஃபாக்ஸ்புரோ, டிபேஸ் போன்ற பழைய டேட்டாபேஸ் ஒன்றில் எழுதியது. லிப்ரே ஆஃபீஸ் கால்க் அவற்றை நேராகத் திறக்கும். பழைய பாக்கிகளை எக்செல்லில் எடுத்துக்கொண்டு புது பில்லிங்குக்கு மாறிவிடுங்கள்.

அப்பா விஷயம். அவர் புதிதாக எதையும் பழக வேண்டிய அவசியமே இல்லை. பாமினியின் விசை அமைப்பு பழைய தமிழ்த் தட்டச்சு மெஷினை ஒட்டியதுதான். தமிழ் அடிக்க உதவும் என்எச்எம் ரைட்டரில் பாமினி அமைப்பைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால், விரல் எங்கே போகிறதோ அங்கேயே அதே எழுத்து வரும், திரைக்குப் பின்னால் யூனிகோடாக விழும். தமிழ்99 என்ற புது விசை அமைப்பு நல்லதுதான், நீங்கள் பழகுங்கள், அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். லேப்டாப் கீபோர்டு மட்டும் அவருக்குச் சரிப்படாது, பழைய பெட்டியின் கீபோர்டு உருண்டை முனை ஒயரோடு இருந்தால் அதற்கு யூஎஸ்பி மாற்றி கிடைக்கும், அதையே மாட்டிக்கொடுங்கள்.

எப்போது மாற்றுவது? உங்கள் கடிதம் ஆனி நடுவில் வந்திருக்கிறது. ஆடியில் முகூர்த்தம் இல்லை, ஆனால் ஆவணிப் பத்திரிகைக்கு ஆடி பாதியிலேயே வந்து நிற்பார்கள். ஆக, ஆடியின் முதல் பாதி, சுமார் பதினைந்து நாள்தான் உங்களுக்கு ஓய்வு. அதுவரை பழைய பெட்டியிலேயே வேலையை ஓட்டுங்கள், யூபிஎஸ் இல்லாமல் ஆன் செய்யாதீர்கள். எல்லாம் மாறிய பிறகும் ஒரு வருடம் அதை விற்காதீர்கள். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பீங்கான், பூட்டு, மரத் தூண் எல்லாவற்றுக்கும் விலை உண்டு, இதற்கு மட்டும் கிடையாது. பழைய இரும்புக்காரர் கொடுக்கும் காசுக்காக அவசரப்பட வேண்டாம்.

ஃபாண்ட் ஃபோல்டரைக் காப்பி எடுத்ததும் அதில் எத்தனை ஃபைல் இருக்கிறது, பாமினி என்ற பெயரில் எத்தனை இருக்கிறது என்று எழுதுங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒவ்வொன்றின் அளவையும் சேர்த்து எழுதுங்கள். ஒரே பெயரில் அளவு வேறாக இருந்தால் உங்கள் கடையிலும் யாரோ வேல் வரைந்திருக்கிறார்கள்.